நாலு நாற்பது காட்டச் சொன்ன அண்ணிக்கு

அண்ணி,

உங்கள் லென்ஸ் என் ஆபீஸ் மேஜை டிராயரில், ஸ்டேப்ளருக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் கிடக்கிறது. கைப்பிடி உடைந்த இடத்தில் நீங்கள் சுற்றிய பிளாஸ்திரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் உங்கள் போட்டோ ஸ்டுடியோ இருட்டறையின், படம் கழுவும் ஹைப்போ வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இன்று மதியம் அதை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் இந்தப் பொம்பளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அதை எடுக்க வைத்தவர் பக்கத்து செக்‌ஷன் ரமேஷ். கையில் நாலைந்து பிரிண்ட் அவுட்டோடு வந்து நின்றார். இன்டர்நெட்டில் ஒரு சுவிஸ் வாட்ச் பார்த்து வைத்திருக்கிறாராம். "மேடம், இது நெஜமா டூப்பான்னு நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்" என்றார். எங்கள் ஆபீஸில் யார் வாட்ச் வாங்கினாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். இந்தப் பெருமையெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஒன்றில் நான் கோலார் தங்கவயலிலிருந்து இன்டர்வியூவுக்காகப் பட்டணத்துக்கு வந்து காக்ஸ் டவுனில் உங்கள் வீட்டில் இறங்கினேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாத்தனார் வருகிறாளே என்று நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்களாம், பிறகு சொன்னீர்கள். பயந்தது நியாயம்தான். வந்த அன்றே உங்கள் குழம்பில் புளி தூக்கல் என்று சொன்னவள் நான்.

அப்பா தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டி அனுப்பியிருந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை இயக்குகிறவர் அவர். வேலையை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், இத்தனை வருஷம் என்னைப் பத்திரமாக இறக்கி ஏற்றினாயே என்று சொல்லித் தன் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போன வாட்ச். வெள்ளி நிற முகம், பொன்னிற முட்கள், மூன்று இருக்க வேண்டிய இடத்தில் தேதி. கம்பெனி பெயரை எழுதவில்லை, உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். எங்கள் லைன் வீடுகள் முழுக்க அந்த ஒரு வாட்சைப் பார்க்க வருவார்கள். சுரங்கத்துச் சங்கு ஊதும்போது அப்பா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, சங்கு அரை நிமிஷம் லேட் என்பார்.

என் கைக்கு அது வளையல் மாதிரி ஆடியது. செயினுக்கு அடியில் மணிக்கட்டோடு கைக்குட்டையை முடிச்சுப் போட்டு இறுக்கினேன். நீங்கள் பார்த்துவிட்டு, "லூஸா கீது, கழட்டி வெச்சுட்டுப் போயேன்" என்றீர்கள். "எங்கப்பா எனக்குக் குடுத்தது, உங்களுக்கு இன்னா?" என்றேன். அப்படித்தான் பேசினேன், அண்ணி. இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

வேலை கிடைத்துவிட்டது. அங்கேயே சொல்லிவிட்டார்கள். சந்தோஷத்தில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் முட்டி மோதி அடுத்த பஸ் பிடித்து, காக்ஸ் டவுனில் இறங்கி மணி பார்க்கலாம் என்று கையைத் திருப்பினால் கைக்குட்டை இருக்கிறது. வாட்ச் இல்லை.

வாசலில் நின்று அழுதேன். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தீர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு "வா" என்றீர்கள். அதே ரூட் பஸ்ஸில் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கடைக்காரரிடமும், ஒவ்வொரு கண்டக்டரிடமும், தமிழில் பாதி கன்னடத்தில் பாதியாகக் கேட்டீர்கள். கிடைக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் தேடாமல் விட்டேன் என்று பிறகு குமையக் கூடாது என்பதற்காகவே கூட்டிப் போனீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா திட்டவில்லை. "போவட்டும்மா, வேலை கெடச்சுதே" என்றதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு அவர் வேறு வாட்ச் கட்டவே இல்லை. வாங்கிக் கொடுத்ததை எல்லாம் பெட்டியிலேயே வைத்துவிட்டார். பழக்க தோஷத்தில் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி சுவரில் மணி பார்ப்பார். சுரங்கம் மூடி, உங்களோடு காக்ஸ் டவுனுக்கே வந்து தங்கின பிறகும் அப்படித்தான்.  பதினைந்து வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இன்டர்நெட்டில் பழைய பொருள் விற்கிற அந்தத் தளத்தில் அதே மாடலைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. விற்கிறவனுக்கு உடனே மெயில் போட்டேன். என் அப்பா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தார், அவருக்காகத் தேடுகிறேன் என்று மொத்தக் கதையையும் கொட்டினேன். பதில் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்: "சிஸ்டர், நானும் கே.ஜி.எஃப்.தான். எங்க மாமாவும் சாம்பியன் ரீஃப்லதான் வேலை செஞ்சார்." அவ்வளவுதான், உருகிவிட்டேன். ஊரை விட்டு வந்த நம் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. எவனாவது தங்கவயல் என்று சொன்னால் போதும், சொந்த அத்தை மகனைப் பார்த்த மாதிரி சட்டைப்பையைத் திறந்து காட்டிவிடுவோம்.

விலை கடையில் கேட்டதில் பாதிகூட இல்லை. அடுத்த சனிக்கிழமை துபாய் போகிறேன், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றான். நேரில் பார்க்க முடியாது, இப்போது மும்பையில் இருக்கிறேன் என்றான். தளத்தின் வழியாக வேண்டாம், மைத்துனர் பேரில் இருக்கும் அக்கவுண்டில் நேராகப் போட்டுவிடுங்கள் என்றான். இதையெல்லாம் இப்படி வரிசையாக எழுதும்போது பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை பணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை படங்களை அச்செடுத்துக்கொண்டு உங்களிடம் காட்ட ஓடி வந்தேன். ஏழு வருஷ சேமிப்பு அது. அப்பாவின் பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

நீங்கள் பீன்ஸ் நரம்பு உரித்துக்கொண்டிருந்தீர்கள். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படங்களை வாங்கிப் பார்த்தீர்கள். நான் அவன் எழுதினதை ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். "படத்தைப் பாருடி, பேச்சைப் பாக்காத" என்றீர்கள். "தெனம் கட்டற வாட்ச்னு சொல்றான். நாலு படத்துலயும் ஏன் பத்து பத்துலயே நிக்குது?"

"அதுக்கு இன்னா இப்போ?"

"எங்க ஸ்டுடியோல வாட்ச் கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது நாங்கதான் பத்து பத்துல வெப்போம். கம்பெனி பேரு மறையாது, பாக்கவும் சிரிக்கிற மாதிரி இருக்கும். இது எவனோ கம்பெனிக்கு எடுத்த படம். இவன் வீட்டுல எடுத்தது இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. சந்தோஷமாக ஒன்றைக் கொண்டுவந்தால் இந்த வீட்டில் குறை சொல்லாமல் இருக்க மாட்டீர்களா என்றேன். கடைசியில், "உங்கப்பா வாட்சா தொலைஞ்சுது? உங்களுக்கு எங்க வலிக்கும்" என்று கேட்டுவிட்டேன். அப்பாவுக்குத் தினமும் இருமல் மருந்து அளந்து கொடுக்கிறவரிடம், அவர் வேட்டியைத் துவைக்கிறவரிடம். நீங்கள் பீன்ஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை நீங்கள்தான் போன் செய்தீர்கள். "கோவம் முடிஞ்சுதா? ஸ்டுடியோவுக்கு வா, அவன் எழுதின மெயில் எல்லாத்தையும் எடுத்துகினு வா." அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு லீவு. கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டிருந்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் அப்பறம்" என்று மெயில்களைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

சிவப்பு பென்சிலால் என் மெயிலில் ஒரு கோடு, அவன் மெயிலில் ஒரு கோடு என்று இழுத்துக்கொண்டே போனீர்கள். நான் தங்கவயல் என்றேன், அவனும் தங்கவயல் என்றான். நான் சாம்பியன் ரீஃப் என்றேன், அவன் மாமாவும் சாம்பியன் ரீஃப். நான் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்றேன், அவன் மாமாவும் மூச்சு இழுத்தே செத்துப்போனார். "இவனா எதுனா ஒண்ணு சொல்லியிருக்கானா பாரு. நீ குடுத்ததையே உனக்குத் திருப்பிக் குடுக்கறான்" என்றீர்கள். எனக்கு முதல் தடவையாக உள்ளே ஏதோ ஜில்லென்று ஆனது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், நெகட்டிவில் ஒரு கல்யாணப் பெண்ணின் பருவை எடுத்து முடித்ததும் வருமே, அந்தச் சிரிப்பு. "எழுது" என்றீர்கள். "அண்ணா, எங்க லைனுக்குப் பின்னாடி பெரிய அருவி ஒண்ணு இருக்குமே, ஞாபகம் இருக்கா?"

"அருவியா? அண்ணி, நம்ம ஊர்லயா?"

"எழுதுடி."

அனுப்பினேன். ஒரு குழாயடிக்கு ஐம்பது குடம் வரிசை நிற்கும் ஊர். மழை பெய்தால் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து சாம்பல் தண்ணீர் ஓடும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே அருவி. நீங்கள் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினீர்கள். டீ முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: "மறக்க முடியுமா சிஸ்டர், சின்ன வயசுல அந்த அருவியிலதான் குளிப்போம்."

நான் கணினித் திரையைப் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோமே, அப்படி ஒரு சிரிப்பு நான் என் வாழ்நாளில் சிரித்ததில்லை. நீங்கள் ஸ்டூலில் உட்கார முடியாமல், பின்னால் தொங்கும் ஊட்டி சீனரித் திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "குளிச்சானாம்டி, சோப்பு போட்டுக் குளிச்சானான்னு கேளு" என்றீர்கள்.

ஆனால் என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா. சிரித்து முடித்த பிறகும், "ஊர்க்காரன்னு பொய் சொல்லியிருக்கலாம் அண்ணி, வாட்ச் நெஜமா இருக்கலாமே" என்றேன். வாட்ச் போய்விடும் என்ற பயம். கையிலிருந்து இரண்டாம் தடவை நழுவுவது மாதிரி இருந்தது. நீங்கள் கோபிக்கவில்லை. "சரி, இருக்கட்டும். கையில வாட்ச் வெச்சுகினு இருக்கறவனுக்கு முள்ளைத் திருப்ப எத்தனை நேரம் ஆவும்? மணி நாலு நாப்பது வெச்சு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு" என்றீர்கள்.

அதற்கு அவன் அழுதே விட்டான். நம்ம ஊர்க்காரங்களே நம்பலைன்னா எப்படி சிஸ்டர் என்று ஒரு மெயில். வேறு ஆள் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார் என்று இன்னொரு மெயில். நான் எதற்கும் அசையவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்ததால் அசையவில்லை, அதுதான் உண்மை. திங்கட்கிழமை பணம் கட்டவில்லை. அன்று சாயங்காலம் படம் வந்தது. நாலு நாற்பது.

எனக்கு உயிர் வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். நீங்கள் லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் வைத்தீர்கள். "நாலு நாப்பதுக்குத் திருப்பு" என்றீர்கள். திருப்பினேன். "இப்ப சின்ன முள்ளு எங்க நிக்குது?"

நாலைத் தாண்டி, ஐந்துக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"அவன் படத்துல?"

சின்ன முள் நாலின் மேலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. பெரிய முள்ளை எட்டில் கொண்டுபோய் வைத்தவன், சின்ன முள்ளும் கூடவே நகரும் என்பதை மறந்துவிட்டான். "கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டியிருக்கான். முள்ளுக்குக் கீழ நெழலும் இல்ல பாரு. நான் தெனம் பண்ற வேலைடி இது, என்கிட்டயேவா" என்றீர்கள். ஏழு வருஷ சேமிப்பு என் பையிலேயே இருந்தது. அன்றைக்கு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், சனிக்கிழமை பேசினதற்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு நமக்கு வெறி பிடித்துவிட்டது. அவனுடைய பழைய விற்பனைகளை நான் தோண்டினேன். அதுவரை அவன் விற்றதெல்லாம் கீ செயின். புகழ்ந்து எழுதினவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு புகழ்ந்திருந்தார்கள். பத்து பத்துப் படத்தையும் நாலு நாற்பது படத்தையும் இணைத்துத் தளத்துக்குப் புகார் எழுதினோம். அந்த விளம்பரத்தின் கீழே கேள்வி கேட்டிருந்த ஓசூர்க்காரர் ஒருவருக்கும் சொன்னோம். மறுநாள் பணம் கட்ட இருந்தாராம், அவர். மூன்றாம் நாள் விளம்பரமே இல்லை. நீங்கள் வடையும் பாயசமும் செய்தீர்கள். அண்ணன், என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "அருவியில ஒருத்தனை முக்கிட்டோம்" என்றீர்கள்.

அப்பாவின் பிறந்தநாள் வாட்ச் இல்லாமலேயே போனது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. நீங்கள் விடவில்லை. வாரம் ஒரு தடவை ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் தேடினோம். ஒரு நாள் அதே மாடல். படம் ஆடிப்போய், ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிய, விலையும் குறைவில்லை. கண்ணாடியில் கீறல் இருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது, செயினில் ஒரு கண்ணி மாற்றியது என்று எழுதியிருந்தது. நான் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். என் கையைத் தட்டினீர்கள். "இருடி. குறையை முன்னாடியே சொல்லி விக்கறாங்க. இதுதான் நெஜம்."

மல்லேஸ்வரத்தில் ஒரு கன்னடக்கார அம்மா. கணவர் கட்டியிருந்த வாட்ச். நாலு நாற்பது வைத்துப் படம் கேட்டதற்கு எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் அனுப்பினார், பின்னால் அவர் வீட்டுக் காலண்டரும் பாதி பூனையும் தெரிய. சின்ன முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நேரில் போனோம். அவர் தெரு முனையிலிருந்த வாட்ச் ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறக்க, நீங்கள் லென்ஸில் உள்ளேயிருந்த எண்ணைப் படிக்க, நான் கேரண்டி கார்டில் சரிபார்த்தேன். ஓர் எண்கூடப் பிசகவில்லை. யார் கட்டப்போகிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். நீங்கள் கன்னடத்தில் அப்பாவின் கதையை முழுக்கச் சொன்னீர்கள். அவர் வாட்சைத் தன் முந்தானையால் துடைத்து, என்னிடம் கொடுக்காமல் உங்களிடம் கொடுத்தார். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அப்பா அதைக் காதருகே வைத்து ஆட்டினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இது நம்மது இல்லியே. நம்மதுல பின்னாடி ஒரு கோடு இருக்கும்" என்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவரோ கையை நீட்டி உங்களைப் பார்த்து, "கட்டி வுடும்மா" என்றார். கட்டிவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மணிக்கட்டைத் திருப்பினார். பதினைந்து வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே திருப்பல். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. "மணி அஞ்சாவப் போவுது, இந்த வீட்ல யாருக்கும் காபி ஞாபகமே இல்லியா?" என்று கத்தினார். அண்ணி, நாம் ஜெயித்தோம். வேறு எப்படிச் சொல்வது, ஜெயித்தோம்.

காபி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன், அந்த நாலு நாற்பது எங்கிருந்து பிடித்தீர்கள் என்று. பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "வாட்ச் தொலைச்சுட்டு நீ அழுதுகினு வாசல்ல வந்து நின்னப்போ எங்க வீட்டு கடியாரத்துல அதான் மணி. அங்கதானே நின்னுபோச்சு. அங்கேருந்துதானே மறுபடி ஓடணும்."

நான் உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று கேட்டவள். நீங்கள் பதினைந்து வருஷம் நிமிஷம் தவறாமல் ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் பையைக் கொடுத்து, "லென்ஸ் உனக்கு, புடவையெல்லாம் உனக்கு இல்ல, உனக்கு நிறம் சேராது" என்றீர்கள். அந்த நிலைமையிலும் என்னைச் சீண்டாமல் விடவில்லை. வீட்டில் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறார். அப்பா மட்டும் தினமும் காலையில், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாட்சைச் சரி பண்ணுகிறார். இன்னும் ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது. ரிப்பேருக்குக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார்.

ரமேஷ் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவர் கொண்டுவந்த படங்களை உங்கள் லென்ஸில் பார்த்தேன். எல்லாமே பத்து பத்து. விற்கிறவன் கீழேயே ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தான். நாலு நாற்பது வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் ரமேஷ் ஓடி வந்தார். பதில் வந்துவிட்டதாம், பேட்டரி தீர்ந்துவிட்டதால் முள்ளைத் திருப்ப முடியவில்லையாம். கையை ஆட்டினாலே ஓடுகிற வாட்சுக்குப் பேட்டரி. நான் சிரித்த சிரிப்பில் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. அந்த ஊட்டி சீனரித் திரை பக்கத்தில் இருந்திருந்தால் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"மேடம், தப்பிச்சேன். ஆனா அது ஏன் நாலு நாப்பது? வேற மணி கேட்டா ஆகாதா?" என்றார் ரமேஷ்.

"எந்த மணியும் கேக்கலாம். அது எங்க அண்ணி மணி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. லென்ஸைத் துடைத்து டிராயரில் வைத்தேன்.